அரிசியா, ரொக்கமா

யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகு, மதுரைக்குத் தெற்கே அவர்கள் போட்டுவிட்டுப் போன ஏரோட்ரோம் சிவில் விமான இலாகாவின் கைக்கு வந்தது. அதோடு நாங்கள் மூன்று பேரும் அங்கே போய்ச் சேர்ந்தோம். ஓர் ஓடுபாதை, நான்கு கால்களில் நின்ற ஒரு மரக் கோபுரம், அதன் உச்சியில் நாலு பக்கமும் கண்ணாடி வைத்த ஓர் அறை, அதற்குள் ஒரு வயர்லெஸ் பெட்டி, ஒரு டெலிபோன், சிவப்பும் பச்சையுமாக வாணம் விடுகிற ஒரு துப்பாக்கி. எங்கள் ராஜ்யம் இவ்வளவுதான். வருகிற விமானத்துக்குக் காற்று எப்படி அடிக்கிறது, எந்தப் பக்கமிருந்து இறங்கலாம், எப்போது இறங்கக் கூடாது என்று மேலே இருந்தபடி சொல்வது எங்கள் வேலை. இதை ஊரில் கேட்பவர்களுக்குப் புரியவைப்பதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிடும். என் மாமனார் கடைசிவரை நான் விமானத்துக்குக் கொடி காட்டுகிறவன் என்றே நினைத்திருந்தார். நானும் ஒரு கட்டத்துக்கு மேல் மறுக்கவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு கட்டாயம் உண்டு. ஒருவர் ஒன்றைச் சொன்னால், கேட்டவர் அதை வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். விமானி எங்களுக்குத் திருப்பிச் சொல்வார், நாங்கள் விமானிக்குத் திருப்பிச் சொல்வோம், திருச்சியிலிருந்து டெலிபோனில் சேதி வந்தால் அதையும் அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் மற்றப் பேச்சு. சொன்னது சரியாகக் காதில் விழுந்தது என்பதற்கு அது அத்தாட்சி. சொன்னபடி செய்கிறேன், அல்லது முடியாது என்பதெல்லாம் அதற்கு அடுத்துச் சொல்ல வேண்டியது.

இந்த வழக்கம் எங்கள் இன்சார்ஜுக்கு ரத்தத்திலேயே ஊறிப்போயிருந்தது. வாடிப்பட்டிக்காரர், சண்டைக் காலம் முழுவதும் வயர்லெஸில் உட்கார்ந்திருந்தவர். வீட்டில் அவர் சம்சாரம் "வரும்போது புளி வாங்கிட்டு வாங்க" என்றால், "வரும்போது புளி வாங்கிவர வேண்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். புளி வந்து சேருமா என்பது வேறு விஷயம். அந்த அம்மாள் என் மனைவியிடம், "அவுக திருப்பிச் சொன்னா காதுல விழுந்துச்சுன்னு அர்த்தம் தாயி, கடைக்குப் போவாகன்னு அர்த்தமில்ல" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். மற்றபடி தங்கமான மனிதர். நாங்கள் அவரைக் கோபுரத்தின் மேலே சார் என்போம், கீழே இறங்கினால் அண்ணே என்போம்.

மூன்றாவது ஆள் மேலூர்ப் பக்கத்துக்காரன். என்னைவிட நாலைந்து வயது இளையவன், கல்யாணம் ஆகவில்லை. எனக்கு அவன் மாப்ள, அவனுக்கு நான் அண்ணே. கால்வாய்ப் பாசனத்தில் அவர்கள் வீட்டுக்கு இரண்டு போகம் நெல் வரும். மாதம் ஒருமுறை ஊருக்குப் போய், ஒரு மூட்டை அரிசியைப் பஸ்ஸின் மேலே போட்டுக்கொண்டு ராஜா மாதிரி வந்து இறங்குவான்.

நானோ திருமங்கலத்துக்கு மேற்கே கரிசல்காட்டு ஆள். பருத்தியும் சோளமும்தான் விளையும், அதுவும் வானம் பார்த்துப் பெய்தால். அந்த இரண்டு வருஷமும் வானம் எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊரில் வேலை இல்லாததால் அப்பாவும் என்னோடு மதுரைக்கு வந்துவிட்டார். புருஷனை இழந்த என் அக்காவும் அவள் இரண்டு பிள்ளைகளும் எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே என்னோடுதான். அப்புறம் என் மனைவி, என் இரண்டு பெண்கள். தெற்கு வாசலுக்கு உள்ளே ஒரு சந்தில், இரண்டு கட்டு வீட்டின் பின்கட்டில் இத்தனை பேரும் குடியிருந்தோம்.

அரிசிக்கு அப்போது நாடு முழுவதும் பஞ்சப்பாட்டுதான். ரேஷனில் போடுவது பாதி வயிற்றுக்குக் காணாது. கடைத்தெருவில் போய்க் கேட்டால், மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டே அரிசி இல்லை என்பார்கள். கறுப்புச் சந்தையில் கிடைக்கும். ஆனால் அங்கே வாங்க அவர்களுக்கு வேண்டியவராக இருக்க வேண்டும். இந்த நிலைமையில் எங்கள் வீட்டைக் காப்பாற்றியது அரசாங்க ஊழியர்களுக்கென்று சண்டைக் காலத்தில் திறந்த தானியக் கடை. எங்களுக்கும் அங்கே ஒரு கார்டு உண்டு. அரிசி புழுவும் கல்லும் கலந்துதான் இருக்கும். என் அக்கா அதை முறத்தில் கொட்டிப் புடைக்கும்போது அரசாங்கத்தையும் சேர்த்துப் புடைப்பாள். ஆனால் மாதம் தவறாமல், தலைக்கு இவ்வளவு என்று அளந்து போடுவார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் மதராஸிலிருந்து சம்பளத்தை மாற்றி அமைக்கும் யோசனை வந்தது. விமான நிலையக் கட்டுப்பாட்டு ஊழியர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தை உயர்த்துவது, அதற்குப் பதிலாகத் தானியக் கடைச் சலுகை, ராத்திரி முறைக்குப் படி, உடுப்புக்குப் படி எல்லாவற்றையும் எடுத்துவிடுவது. எல்லாம் ரொக்கத்திலேயே அடக்கம். ஒவ்வொரு நிலையமும் கூடிப் பேசித் தன் அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டும், சம்பளப் பிரிவு அதிகாரி டெலிபோனில் கூப்பிட்டுக் கேட்பார் என்று சுற்றறிக்கை சொன்னது.

நாங்கள் கூடிப் பேசினோம். கூடுவதற்கு என்ன, மூன்று பேர்தானே, கோபுரத்தை விட்டு இறங்கவே வேண்டியதில்லை. மாப்ளைக்கு முகமெல்லாம் பல்.

"அண்ணே, எம்புட்டுக் கூடுது பாத்தீகளா? வருசா வருசம் வேற ஏறுது. பென்சனும் இதை வச்சுத்தான் போடுவாகளாம்."

"உனக்குக் கூடுது மாப்ள. ஒன் வீட்ல குதிர் நெறைய நெல்லு கெடக்கு. என் வீட்ல குதிரே கெடையாது."

"ரொக்கம் இருந்தா எங்கயும் வாங்கலாம்ல?"

"எங்க வாங்குவ? கடையைக் காட்டு, இப்பவே போவோம்."

இன்சார்ஜ் இரண்டு பக்கத்தையும் பொறுமையாகக் கேட்டார். இரண்டையும் திருப்பிச் சொன்னார். அவர் கணக்கில் யோசனை முழு மோசம் இல்லை. ஓய்வு பெறப் போகிறவருக்கு அடிப்படைச் சம்பளம் உயர்வது நல்லது, அதை மறைக்காமல் சொன்னார். ராத்திரி முறைக்குப் படி போவது அநியாயம், அதையும் சொன்னார். கடைசியில், "அரிசி விசயத்தை வீட்டுல இருக்கவுகட்டக் கேட்டுட்டு வாங்க. ஒல வைக்கிறவுகளுக்குத்தான தெரியும்" என்றார்.

நான் வீட்டில் கேட்டேன். என் மனைவி அதிகம் பேசுகிறவள் அல்ல. அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

"கூடக் குடுக்கிற ரொக்கத்தை வாங்கிக்கிட்டு எந்தக் கடையில போயி நிப்பீக? அவன் அரிசியே இல்லைங்கிறான். இல்லாத சாமானுக்கு வெல என்னவா இருந்தா நமக்கென்ன?"

அந்தச் சம்பள யோசனையை எத்தனையோ பேர் எத்தனையோ பக்கங்களில் அலசியிருப்பார்கள். எனக்குத் தெரிந்து அதைவிடச் சுருக்கமாக ஒருவரும் அலசவில்லை. மறுநாள் இதை அப்படியே கோபுரத்தில் சொன்னேன். மாப்ள கேட்டுவிட்டு, "சரிண்ணே, மதினி சொல்றதுதான் நியாயம்" என்றான். வேண்டியவர் ரொக்கத்தை எடுத்துக்கொள்ளட்டும், வேண்டியவர் தானியத்தை வைத்துக்கொள்ளட்டும், ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றைத் தலையில் கட்டுவதை மதுரை ஒப்புக்கொள்ளாது என்று சொல்வதாக முடிவாயிற்று. நானும் நிம்மதியாகச் சைக்கிள் மிதித்து வீடு போய்ச் சேர்ந்தேன்.

டெலிபோன் வந்தது ஒரு காலை நேரத்தில். மதராஸிலிருந்து டிரங்க் கால் என்றதும் இன்சார்ஜ் எழுந்து நின்றுகொண்டார். டிரங்க் காலை அவர் உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை. நானும் மாப்ளையும் பக்கத்தில் நின்றோம். அந்தப் பக்கத்துக் குரல் கரகரவென்று எங்களுக்கும் கேட்டது. "நான் எழுதி வைத்திருப்பதை வாசிக்கிறேன், கேளுங்கள்" என்று அதிகாரி இங்கிலீஷில் ஆரம்பித்தார். "மதுரை நிலைய ஊழியர்கள் புதிய சம்பள விகிதத்தை ஏற்கிறார்கள், தானியச் சலுகையையும் மற்றப் படிகளையும் விட்டுவிடுகிறார்கள், அடுத்த மாதத்திலிருந்து அமல்."

இன்சார்ஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையையும் அழுத்தம் திருத்தமாகத் திருப்பிச் சொன்னார். மதுரை நிலைய ஊழியர்கள் புதிய சம்பள விகிதத்தை ஏற்கிறார்கள். தானியச் சலுகையையும் மற்றப் படிகளையும் விட்டுவிடுகிறார்கள். அடுத்த மாதத்திலிருந்து அமல். சொல்லி முடித்து, இனிமேல் எங்கள் பதிலைச் சொல்ல வேண்டும் என்று மூச்சை இழுத்தார். அந்த மூச்சு முடிவதற்குள் அங்கே "ரொம்ப சந்தோஷம்" என்ற குரலும், டெலிபோனை வைக்கிற சத்தமும் கேட்டன. "பேசி முடிச்சாச்சா சார்?" என்று எக்ஸ்சேஞ்சிலிருந்து கேட்டார்கள்.

"பேசி முடிச்சாச்சா என்று கேட்கிறார்கள்" என்றார் இன்சார்ஜ், எங்களைப் பார்த்து.

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கண்ணாடி அறையில் ஒரு கண்ணாடிகூட மிச்சமிருந்திருக்கக் கூடாது. "என்ன காரியம் பண்ணிட்டீக சார்?" என்றேன்.

"நான் என்னய்யா பண்ணேன்? திருப்பிச் சொன்னேன். பதில் சொல்றதுக்குள்ள அந்தாளு வச்சிட்டான்."

"அவரு என்ன ஏரோப்ளேனா ஓட்டுறாரு? கணக்கெழுதுற மனுசன். நீங்க சொன்னதைச் சம்மதம்னு எடுத்துக்கிட்டாரு."

"திருப்பிச் சொன்னா எப்படிய்யா சம்மதமாகும்?" என்று அவர் கேட்டார். நிஜமாகவே அவருக்கு அது விளங்கவில்லை. இத்தனை வருஷம் ஒரே தொழிலில் கிடந்தவருக்கு, வெளியே உலகம் வேறு மாதிரிப் பேசுகிறது என்பதே மறந்துபோயிருந்தது. அதைப் பார்த்ததும் என் கோபம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை, இரண்டு மடங்காயிற்று.

மறுபடி மதராஸுக்கு டிரங்க் கால் போட்டார். லைன் கிடைக்கவில்லை. மறுநாள் கிடைத்தது, அதிகாரி ஊரில் இல்லை. இன்சார்ஜ் கடிதம் எழுதினார். டெலிபோனில் வார்த்தைக்கு வார்த்தை சம்மதம் சொல்லிவிட்டு இப்போது மறுப்பது முறையல்ல, அதிகாரியே தென் ஜில்லா நிலையங்களைப் பார்க்க வருகிறார், மதுரைக்கும் வருவார் என்று பதில் வந்தது. அந்த 'வார்த்தைக்கு வார்த்தை' என்ற இடத்தைப் படித்துவிட்டு மாப்ள சிரித்தான். நான் முறைத்தேன், நிறுத்திக்கொண்டான்.

அந்த நாட்களில் நான் இன்சார்ஜோடு பேசியதெல்லாம் முறை மாற்றும்போது பேசியே ஆக வேண்டிய வார்த்தைகள்தான். காற்று தென்மேற்கு, வானம் தெளிவு என்று அவர் சொல்வார். காற்று தென்மேற்கு, வானம் தெளிவு என்று நான் சொல்வேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அவர் பாவம், ஒருநாள் வாடிப்பட்டியிலிருந்து வந்ததென்று ஒரு தூக்குப் போணி நிறையக் கம்பை என் சைக்கிளில் மாட்டிவைத்துவிட்டுப் போயிருந்தார். வாங்கிக்கொண்டேன். நன்றி சொல்லவில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது என் மனைவி கோபப்படவில்லை, "சரி" என்று மட்டும் சொன்னாள். அக்காதான் அன்று ராத்திரி சாப்பிடும்வரை இலாகாவைப் பிடித்துத் திட்டித் தீர்த்தாள். அடுத்த மாதம் முதல் தேதி என்றால் கார்டை வாங்கிக்கொள்வார்கள். எப்படிக் கணக்குப் போட்டாலும் வீட்டில் பாதிப் பேருக்கு வேளைக்குச் சோறு இல்லை என்றுதான் முடிந்தது. அப்பா தான் ஊருக்கே திரும்பிப் போய்விடுவதாகச் சொல்ல ஆரம்பித்தார். போய் அங்கே என்ன சாப்பிடுவார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

அதிகாரி வரும் நாள் வந்தது. மதராஸிலிருந்து திருச்சி வழியாக வந்த விமானத்தில் வந்தார். இலாகா அதிகாரி என்ற மரியாதையில் அவரை விமானிக்குப் பின்னால் ஓர் ஆசனத்தில் உட்காரவைத்து, காதில் மாட்டிக் கேட்கிற கருவியையும் கொடுத்திருந்தார்கள். இது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. இன்சார்ஜ் வயர்லெஸில் உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னலோரம் நின்றேன். நல்ல வெயில், காற்று மேற்கிலிருந்து லேசாக.

"கிழக்குப் பக்கமிருந்து வந்து இறங்கலாம்" என்றார் இன்சார்ஜ்.

"கிழக்குப் பக்கமிருந்து வந்து இறங்கலாம்" என்று விமானியின் குரல் பெட்டிக்குள்ளிருந்து திருப்பிச் சொன்னது. விமானம் திரும்பி, சக்கரத்தை இறக்கிக்கொண்டு, தணிந்து தணிந்து வந்தது. அப்புறம் அதே குரல், அவசரமில்லாமல், "முடியாது, பாதையின் முனையில் ஆடுகள். மேலே போய்ச் சுற்றுகிறேன்" என்றது. தரையைத் தொடப்போன விமானம் இரைச்சலோடு மூக்கைத் தூக்கிக்கொண்டு எங்கள் தலைக்கு மேலே போயிற்று. கோபுரம் ஆடியது.

கிழக்கு முனை கொஞ்சம் பள்ளம், எங்களுக்குக் கண்ணில் படாது. பட்டாளம் இருந்தவரை சுற்றி முள்கம்பி வேலி இருந்தது. பட்டாளம் போன பிறகு அந்த வேலி கொஞ்சம் கொஞ்சமாக நடந்து போய் அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் நின்றுகொண்டது. அறுப்பு முடிந்த வயல்களில் கிடை போடுவதற்கு ராமநாதபுரத்துப் பக்கமிருந்து மந்தை ஓட்டி வருகிறவர்களுக்கு அந்த வழி பாட்டன் காலத்து வழி. நான் இறங்கி ஓடி, சைக்கிளை எடுத்து மிதித்தேன். அங்கே நூறு ஆட்டுக்குக் குறையாது. மந்தைக்காரர் கம்பை ஊன்றிக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, ஏரோப்ளேன் எறங்கப் போகுது, ஓட்டுங்க சீக்கிரம்" என்று கத்தினேன்.

"எறங்கட்டுமே. இம்புட்டு எடம் கெடக்குல்ல?" என்றார் அவர்.

இரண்டு பேருமாகச் சேர்ந்து விரட்டினோம். அந்தச் சமயத்தில் மேலே சுற்றிக்கொண்டிருந்த மனிதர் என் வீட்டு அரிசியை நிறுத்த வந்தவர் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. வந்ததே தவிர, கை ஆடுகளை விரட்டிக்கொண்டுதான் இருந்தது. தொழில் அப்படி. வழி சரியானதும் மேலே பார்த்துக் கையை ஆட்டிக் காட்டினேன். விமானம் வந்து அமைதியாக இறங்கியது.

அதிகாரி இறங்கி வந்தபோது முகம் வெளிறிப் போயிருந்தது. கெட்ட மனிதராகத் தெரியவில்லை. கண்ணாடி போட்ட, ஒல்லியான ஒரு மனிதர். மரப்படிகளில் பிடித்துப் பிடித்து ஏறி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, மாப்ள கொடுத்த தண்ணீரைக் குடித்து முடித்த பிறகுதான் அவருக்குக் கோபப்படத் தெம்பு வந்தது.

"என்ன சார் இது? நீங்க இறங்கலாம்னு சொன்னீங்க. அவர் சரின்னு ஒத்துண்டார். என் காதால கேட்டேன். அப்புறம் பாதியில முடியாதுங்கறார். சொன்ன சொல்லுக்கு மதிப்பே கிடையாதா இங்கே?"

"அவர் ஒத்துக்கிடலை சார்" என்றார் இன்சார்ஜ்.

"நான் கேட்டேனே. வார்த்தைக்கு வார்த்தை சொன்னாரே."

"நான் சொன்னதைத் திருப்பிச் சொன்னாரு சார். அது நான் சொன்னது அவரு காதுல ஒழுங்கா விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியிறதுக்கு. செய்ய முடியுமா முடியாதாங்கிறதை அதுக்கப்புறம் தனியாச் சொல்லுவாரு. சொன்னாருல்ல? முடியாதுன்னு. அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை இல்லைன்னா, நீங்க இப்ப இந்த நாற்காலியில உக்காந்திருக்க மாட்டீங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு இன்சார்ஜையே பார்த்தார். அவருக்குள் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு டெலிபோன்ல..." என்று இழுத்தார்.

"ஆமா சார்" என்றார் இன்சார்ஜ்.

"அதுவும் இப்படித்தானா?"

"ஆமா சார். பதிலைச் சொல்லப் போனேன், நீங்க வச்சிட்டீங்க."

அதிகாரி சிரிக்க ஆரம்பித்தார். முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, அப்புறம் அடக்க முடியாமல். அந்தக் கண்ணாடி அறையில் நாங்கள் நான்கு பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பில் பாதி அழுகை கலந்திருந்தது. அது அவருக்குத் தெரிந்திருக்காது.

"சரி, இப்ப சொல்லுங்க. உங்க பதில் என்ன?" என்று கேட்டார்.

இன்சார்ஜ் நிமிர்ந்து நின்று, "எங்கள் பதில் என்ன என்று கேட்கிறீர்கள்" என்று தொடங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை. "வேணாம் சார்" என்று குறுக்கே விழுந்தேன். "அரிசி வேணும். எங்க வீட்ல இந்தக் கடை அரிசியை நம்பித்தான் உசுரோட இருக்கோம். ரொக்கத்தை வச்சு மதுரையில அரிசி வாங்க முடியாது. மதராஸ்ல எப்படின்னு எனக்குத் தெரியாது." இப்படிப் பேசுவேன் என்று நானே நினைக்கவில்லை.

மாப்ள முன்னால் வந்தான். "எனக்கு ரொக்கம் போதும் சார். எங்க ஊர்ல நெல்லு இருக்கு. ஆனா எனக்குக் குடுக்கிறதுக்காக இவுகளுக்கு நிறுத்தாதீக. அப்படித்தான்னா எனக்கும் வேணாம்."

அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மற்ற நிலையங்களிலும் குடும்பக்காரர்கள் இதே மாதிரி முணுமுணுத்ததாகவும், மதுரையே ஒப்புக்கொண்டுவிட்டது என்று சொல்லித் தான் அவர்களை அடக்கியதாகவும் கொஞ்சம் சங்கடத்தோடு சொன்னார். பிறகு, வேண்டியவர் ரொக்கத்தை எடுத்துக்கொள்ளலாம், வேண்டியவர் தானியத்தோடு பழைய சம்பளத்தில் இருக்கலாம், அதற்கு உத்தரவு தரும் அதிகாரம் தனக்கு உண்டு, கார்டை யாரிடமும் வாங்கப் போவதில்லை, ராத்திரிப் படியைப் பற்றி மட்டும் மேலே கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "எங்கே, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கோ பார்ப்போம்" என்றார்.

நான் திருப்பிச் சொன்னேன். ஒரு வார்த்தை விடவில்லை. முடித்துவிட்டு, "சம்மதம் சார்" என்று தனியாகச் சொன்னேன். இன்சார்ஜ் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். தட்டில் கொஞ்சம் கோபமும் இருந்தது, நியாயம்தான். அன்று கோபுரத்தை விட்டு இறங்கியதும், அந்தத் தூக்குப் போணிக் கம்புக்கு நன்றியையும் சேர்த்து அண்ணனிடம் நிறையப் பேசினேன்.

சாயங்காலம் நான் சைக்கிள் மிதித்த வேகத்துக்கு அந்த விமானம் பிச்சை வாங்க வேண்டும். வீட்டு வாசலிலேயே விஷயத்தைச் சொன்னேன். அப்பா கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, காற்று வாங்கத் தெருப்பக்கம் போனார். ஊருக்குப் போகிற பேச்சை அதன் பிறகு எடுக்கவில்லை. அக்கா இலாகாவை முதன்முறையாக வாழ்த்தினாள். என் மனைவி மட்டும், "நெசமாவா?" என்றாள். நெசந்தான் என்றேன். "கார்டு நம்மகிட்டயே இருக்கும்னு சொன்னாகளா? ஒங்க காதால கேட்டீகளா?" என்றாள். கேட்டேன், திருப்பியும் சொன்னேன், சம்மதமும் சொன்னேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

கொஞ்ச நேரம் கழித்து, விறகு அடுக்கியிருந்த மூலையிலிருந்து வாய் கட்டிய ஒரு மண்பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவிழ்த்தால் முக்கால் பானை அரிசி. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா பானையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"தம்பி, இவ வயித்துவலின்னு சொல்லிக்கிட்டு இத்தனை நாளா எங்களோட உக்காரவே இல்லடா. நீங்க சாப்பிடுங்க மதினி, நான் பொறகு சாப்பிடுறேன்னா. கஞ்சித்தண்ணியைக் குடிச்சிட்டு, இவ பங்கு அரிசியை இதுலயா போட்டு வச்சிருக்கா."

"கார்டு போயிருந்தா ஒரு வாரத்துக்காச்சும் பிள்ளைகளுக்கு ஆகும்னு பாத்தேன்" என்றாள் அவள், ஏதோ தப்புச் செய்துவிட்டவள்போல. நான் பானையைத் தூக்கி அடுப்படியில் கொண்டுபோய் வைத்தேன்.

அன்றைக்கு அந்தப் பானையிலிருந்தே அள்ளி உலை வைத்தாள். அக்கா பிடிவாதமாக அவளையும் பிள்ளைகளோடு உட்காரவைத்துத் தானே பரிமாறினாள். கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம்கூட இல்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு, யாரையும் பார்க்காமல் சாப்பிட்டாள். தட்டு காலியானது. அக்கா போட்டாள், அதுவும் காலியானது. பிள்ளைகள் எழுந்து கைகழுவப் போய்விட்டார்கள். அவள் இன்னும் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் மெதுவாக, "மதினி, இன்னுங் கொஞ்சம் சோறு போடுங்க" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாய்விட்டுச் சோறு கேட்டு நான் கேட்டது அன்றுதான்.